ரஸ் இருந்தால் எந்தப் பக்கம் திருப்புவார்

நோரீன் அமெஸ்டாய் சொன்ன பொய் ஒரே ஒரு சொல்தான். அதைச் சொல்ல வைத்தது தொலைபேசியின் மறுமுனையில் பேசிய பெண்ணின் அவசரம் என்றுகூடச் சொல்லலாம்.

"மிஸ்டர் ரஸ் அமெஸ்டாய் இருக்காருங்களா?"

"அவரால பேச முடியாது."

"பரவால்லைங்க. அதிபர் விவாதம் டிவியில வருதுல்ல, அதைப் பார்த்துட்டே, கையில ஒரு திருகைப் பிடிச்சா ஏத்தி, பிடிக்கலைன்னா இறக்கிக் கருத்து சொல்ற குழுவுக்கு ஆள் எடுக்கறோம். ரீனோவுல ஒரு ஹோட்டல்ல. அவர் பேரு வாக்காளர் பட்டியல்ல சிவப்புக் கட்சின்னு பதிவாயிருக்கு. அவருக்கு முடியலைன்னா வீட்டுல வேற யாராவது வரலாம். நீங்களும் அதே கட்சிதானே?"

"ஆமா" என்றாள் நோரீன்.

ஒரு வீட்டில் ஒரு கட்சிதான் இருக்கும் என்று நினைப்பது அந்தப் பெண்ணின் தவறில்லை. அவர்கள் தெருவிலேயே அப்படித்தான். வாசல் புல்வெளியில் சிவப்புப் பலகை நட்ட வீடு, நீலப் பலகை நட்ட வீடு என்று பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிடலாம். அமெஸ்டாய் வீட்டு வாசலில் மட்டும் இருபத்தாறு வருடமாக இரண்டு பலகையும் நின்றன. ரஸ் சிவப்பு. நோரீன் நீலம். விவாதம் நடக்கும் மாலைகளில் இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்ப்பார்கள். யாருடைய ஆள் உளறினாலும் எதிராளி மீது சோளப்பொரி பறக்கும். வாக்குச்சீட்டு தபாலில் வந்ததும் சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து நிரப்புவார்கள். பிறகு இரண்டு உறைகளையும் ஒரே காரில் கொண்டுபோய் நூலகத்து வாசல் பெட்டியில் போடுவார்கள். "ரெண்டும் சேர்ந்து சைபர். நாம வரலைன்னாலும் நாட்டுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது, பெட்ரோல்தான் தண்டம்" என்று ரஸ் ஒவ்வொரு முறையும் சொல்வார். அடுத்த முறையும் போவார்.

மே மாதம் அவர் இறந்துபோனார். கணையத்தில் புற்றுநோய்.

அழுகை ஒருநாள் பீறிட்டு வரும், வரும்போது தடுக்காதே என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். அது வரவில்லை. அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த கண்ணாடிப் பாத்திரங்களில் இருந்ததைச் சாப்பிட்டாள், கழுவினாள், திருப்பிக் கொடுத்தாள். பள்ளிப் பேருந்துகளை எந்தத் தெருவுக்கு எந்த நேரத்தில் அனுப்புவது என்று திட்டம் போடும் அலுவலகத்தில் வேலை. ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் போய்வந்தாள். உடம்பு முழுக்க, நெடுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் போல இருந்தது. கிள்ளினால் தெரிகிறது, வலிக்கவில்லை.

ஒன்று மட்டும் பயமாக இருந்தது. அவர் நழுவிக்கொண்டிருந்தார். சாலையில் பனி அள்ளும் வண்டி ஓட்டிவிட்டு வீடு வந்ததும் முதலில் எந்தக் காலணியைக் கழற்றுவார் என்று ஒருநாள் யோசித்தாள், ஞாபகம் வரவில்லை. ஆனால் நாட்டு நடப்பில் எதைக் கேட்டாலும் ரஸ் என்ன சொல்வார் என்பது தனக்கு அத்துப்படி என்று நம்பினாள். இருபத்தாறு வருடம் எதிர்க்கட்சியாக உட்கார்ந்து படித்த பாடம் அது. ஒரு மாலைப் பொழுது ரஸ்ஸாக உட்கார்ந்து, அவர் செய்வதைத் தவறில்லாமல் செய்துவிட்டால், அவ்வளவாவது தன்னிடம் மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதற்காகத்தான் அந்த "ஆமா".

வேலைக்குப் போகும் வழியில், துணி மடிக்கும்போது, ஒவ்வொரு விஷயமாக எடுத்து மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டாள். பெட்ரோல் விலையைப் பற்றி அவருடைய ஆள் பேசினால் ஏற்றம். பாலைவன நிலமெல்லாம் வாஷிங்டன்காரர்கள் கையில் இருக்கிறது என்று யாராவது சொன்னால் உச்சிக்கே ஏற்றம். ஆசிரியர் சம்பளத்தில் ரஸ் கொஞ்சம் தடுமாறுவார். அவர் தங்கை ஆசிரியை. எந்தக் கட்சிக்காரன் "என் பாட்டி கஷ்டப்பட்டாள்" என்று ஆரம்பித்தாலும் இறக்கம். சரியாகத்தான் இருக்கிறதா என்று சந்தேகம் வரும்போதெல்லாம் மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள்.

ஹோட்டலின் கூட்ட அறையில் நாற்காலிகளை இரண்டு பாதியாகப் போட்டு நடுவே வழி விட்டிருந்தார்கள். இடப்பக்கம் நீலம், வலப்பக்கம் சிவப்பு. டானிகா என்ற இளம்பெண் எல்லோர் கையிலும் உள்ளங்கை அளவு கருவி ஒன்றைக் கொடுத்தாள். அதன் நடுவில் ஒரு திருகு.

"ரொம்ப சுலபங்க. ஐம்பதுன்னா உங்களுக்கு ஒண்ணும் தோணலைன்னு அர்த்தம். பிடிச்சா வலப்பக்கம் நூறு வரைக்கும் திருப்புங்க. பிடிக்கலைன்னா இடப்பக்கம் சைபர் வரைக்கும். யோசிக்கவே யோசிக்காதீங்க, கை போற போக்குல விட்டுடுங்க. சிவப்புக்காரங்க கையெல்லாம் சேர்ந்து ஒரு சிவப்புக் கோடு, நீலக்காரங்களுக்கு ஒரு நீலக் கோடு. என் திரையில ஓடிட்டே இருக்கும். விவாதம் முடிஞ்சப்புறம் உங்களுக்கும் போட்டுக் காட்டறேன்."

நோரீனுக்குக் கிடைத்தது பதினாலாம் எண் கருவி. பக்கத்தில் பெரிய தொப்பையோடு ஒரு மனிதர். பக்கத்து ஊரான ஸ்பார்க்ஸில் டயர் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவராம். பெயர் ஹார்லன்.

"முதல் தடவையாம்மா?"

"ஆமா."

"நான் மூணாவது. ஒரு ரகசியம் சொல்றேன் கேட்டுக்கோ. அந்த நீலக் கட்சி அம்மா வாயைத் தொறந்ததுமே சைபருக்குத் திருப்பிட்டு கையை மடியில வெச்சுக்க. நம்மாளு பேசறப்ப நூறு. நடுவுல கொறிக்கறதுக்கு எவ்ளோ நேரம் கிடைக்குது தெரியுமா?"

"அப்ப கேக்கவே வேணாமா?"

"கேட்டு என்னம்மா ஆகப்போவுது? நான் மாறவா போறேன்?"

முன்வரிசையில் சிரிப்பு. அப்போதுதான் நடு வழிக்கு அந்தப்பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"நோரீன்?"

யெசேனியா. பேருந்து அலுவலகத்தில் நோரீனுக்குப் பக்கத்து மேஜை. மதியச் சாப்பாட்டின்போது அதே நீலக் கட்சிக்காக அலுவலகத்தையே இரண்டாக்கும் பெண்.

"நீ அந்தப் பக்கம் என்னடி பண்றே? சீட்டு மாறி உட்கார்ந்துட்டியா?"

"இல்ல."

"இல்லைன்னா?"

"இல்ல யெசேனியா. என் இடம் இதுதான்."

ஹார்லன் நோரீனின் தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்து, "திருந்தி வந்திருக்காங்க, விடும்மா! நீயும் வா, இந்தப் பக்கம் ஏசி நல்லா வருது" என்றார். சிவப்புப் பக்கம் கைதட்டியது. யெசேனியா முகத்தைத் திரைக்குத் திருப்பிக்கொண்டாள். அவள் காது மடல் சிவந்திருந்ததை நோரீன் பார்த்தாள். எழுந்து போய் விளக்கம் சொல்லியிருக்கலாம். எழத் தோன்றவில்லை.

விவாதம் தொடங்கியது. சிவப்புக் கட்சி வேட்பாளர் ஒரு கவர்னர், நீலக் கட்சிக்கு ஒரு செனட்டர் அம்மா. முதல் கேள்வியே பெட்ரோல் விலை. கவர்னர் பேசினார், நோரீன் கை வலப்பக்கம் போனது. செனட்டர் பேசினார், அவளுடைய சொந்த மனசுக்கு அந்தப் பதில் சரியாகத்தான் பட்டது. கை இடப்பக்கம் போனது. பாலைவன நிலத்தைப் பற்றிய பேச்சு வந்தது, உச்சிக்கு ஏற்றினாள். கவர்னர் தன் பாட்டியைப் பற்றி ஆரம்பித்தார், இறக்கினாள். ஆசிரியர் சம்பளத்தில் ஐம்பதிலிருந்து கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கி, ரஸ் தங்கையிடம் தொலைபேசியில் பேசும்போது எப்படி மழுப்புவாரோ அப்படியே மழுப்பினாள்.

எளிதாக இருந்தது. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ஆனால் விரல் தயங்கவில்லை. தன் கையை யாரோ கடன் வாங்கிப் பயன்படுத்துவது போலவும், தான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது போலவும் இருந்தது. அவர் இருக்கிறார் என்று ஒருமுறை நினைத்துக்கொண்டாள்.

பிறகு வரியைப் பற்றிச் செனட்டர் பேசிக்கொண்டிருக்கும்போது கவர்னர் குறுக்கே புகுந்தார். "பொய்! சுத்தப் பொய்!" என்று அவர் கத்த, செனட்டரின் குரல் அதில் அமுங்கிப் போனது. சிவப்புப் பக்கம் நாற்காலிகள் கிரீச்சிட்டன. "போடு!" என்றார் ஹார்லன். சுற்றிலும் எல்லாத் திருகுகளும் நூறுக்கு ஓடின. நோரீன் இருபதுக்கு இறக்கினாள்.

ஹார்லன் பார்த்துவிட்டார். "ஏம்மா, நம்மாளுக்கே எறக்கறியே?"

"குறுக்க பேசினது தப்பு. அவங்க பேசி முடிச்சப்புறம் சொல்லலாம்ல?"

"நல்லா அடிக்கறப்ப போயி பண்பாடு பேசறியே! நீ எந்த ஊரும்மா?"

"இந்த ஊருதான்."

ரஸ் அப்படித்தான். அவருடைய ஆள் குறுக்கே பேசினால் முழங்காலைச் சொறிந்துகொண்டு, "இவன் ஒருத்தன், மானத்தை வாங்கறான்" என்று முணுமுணுப்பார். நோரீன் கேட்டுவிடக் கூடாது என்று மெதுவாகத்தான் சொல்வார். சிவப்புக் கட்சிக்காரர்கள் யாருக்கும் தெரியாத அந்த இறக்கம் தனக்குத் தெரியும் என்பதில் அவள் கை கொஞ்சம் திடமானது.

அடுத்த கேள்வியை நெறியாளர் தாளைப் பார்த்துப் படித்தார். தீராத நோயில் கிடப்பவர், பிழைக்க வழியில்லை என்று ஆன பிறகு, தானே கேட்டால், சாவதற்கான மருந்தை டாக்டர் எழுதித் தரலாமா? சட்டம் அதை அனுமதிக்க வேண்டுமா?

"கூடாது" என்றார் கவர்னர். "உயிர் கொடுத்தவன் எடுக்கட்டும்."

சுற்றிலும் திருகுகள் வலப்பக்கம் திரும்பின. ஹார்லன் நூறில் வைத்துவிட்டு ஒரு வேர்க்கடலையை வாயில் போட்டார்.

நோரீனின் விரல் திருகின் மேல் இருந்தது. இந்தக் கேள்வியும் அவள் ஓட்டிப் பார்த்ததுதான். இரண்டு விவாதங்களுக்கு முன்பு இதே பேச்சு வந்தபோது ரஸ் அவள் மேல் ஒரு கைப்பிடி சோளப்பொரி எறிந்தார். "டாக்டர்னா பிழைக்க வைக்கணும், நோரீன். இதுல ரெண்டு பக்கமே கிடையாது" என்றார். ஆகவே வலப்பக்கம். நூறு.

ஆனால் அது சோபாவில் உட்கார்ந்திருந்த ரஸ். ஏப்ரலில் சோபாவை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டிருந்தார்கள். அதில் கிடந்த ரஸ் ஒருநாள் டிவியில் இந்தச் சட்டத்தைப் பற்றிய விளம்பரம் வந்தபோது எதுவும் சொல்லவில்லை. திட்டவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். சிறிது நேரம் கழித்து, "அதை அணைச்சுடேன்" என்றார். அவள் அணைத்தாள். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் டிவி போடவில்லை. என்ன நினைக்கிறீர்கள் என்று அவளும் கேட்கவில்லை.

அந்தக் கட்டிலில் இருந்தவர் எந்தப் பக்கம் திருப்புவார்?

விரல் ஐம்பதுக்கு வந்து நின்றது. செனட்டர் பேசினார், குடும்பம், கண்ணியம் என்று ஏதோ காதில் விழுந்தது. இடப்பக்க நாற்காலிகளில் நீலக்காரர்கள் ஏற்றினார்கள். சிவப்புக்காரர்கள் இறக்கினார்கள். அவள் ஐம்பதில் இருந்தாள். கேள்வி மாறியது. மறுபடி வரி, பிறகு எல்லை, பிறகு மறுபடி பெட்ரோல். பெட்ரோலுக்கு ரஸ் என்ன செய்வார் என்று நன்றாகத் தெரியும். கை எழவில்லை. பல் மருத்துவர் ஊசி போட்டு மரத்துப்போக வைத்த பல்லைப் போல, அது அங்கே இருந்தது, அவளுடையதாக இல்லை.

விவாதம் முடிந்ததும் அறையில் சந்தை இரைச்சல்.

"எங்காளு துவைச்சு காயப்போட்டுட்டாரு!"

"யாரு, அவரா? பாட்டி கதையைச் சொல்லி முடிக்கவே தெரியல அந்தாளுக்கு!"

"உங்க செனட்டரம்மா தண்ணி குடிச்சதுதான் உருப்படியா செஞ்ச ஒரே காரியம்!"

டானிகா கையைத் தட்டி எல்லோரையும் உட்கார வைத்தாள். திரையில் விவாதத்தை மறுபடி ஓட்டினாள். அடியில் இரண்டு கோடுகள் பாம்பு போல நெளிந்தன. ஒன்று ஏறினால் மற்றது இறங்கியது. மருத்துவக் கேள்வியில் இரண்டும் மிக அகலமாகப் பிரிந்தன. அங்கே நிறுத்தினாள்.

"இந்த எடத்துல ஒரு சின்ன கோளாறு. பதினாலாம் நம்பர் யாருங்க? நீங்களா? உங்க கருவி இங்கிருந்து ஐம்பதுலயே நின்னுடுச்சு. பேட்டரி போயிருக்கும், மன்னிச்சுக்கோங்க. அதனால இந்தக் கேள்விக்கு மட்டும் வாயால சொல்லிடுங்க, நான் பதிஞ்சுக்கறேன். மருந்து தரலாமா, கூடாதா?"

எல்லோரும் திரும்பினார்கள். யெசேனியாவும்.

"கூடாதுன்னு போடும்மா, இதுல என்ன கேள்வி" என்றார் ஹார்லன்.

ஒரு சொல் போதும். கூடாது என்றால் ரஸ் அந்தக் கோட்டில் முழுதாக இருப்பார். பழைய ரஸ், சோபாவில் இருந்த ரஸ். அந்தச் சொல் நாக்கு வரை வந்தது. கட்டிலில் ஜன்னல் பக்கம் திரும்பிய தலையின் பின்பகுதி கண்ணில் நின்றது. முடி கொட்டிப் போயிருந்தது. அந்தத் தலைக்குள் என்ன இருந்தது என்று தெரியாமல் அதன் சார்பில் எப்படிப் பேசுவது?

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்றாள் நோரீன். "நான் சிவப்புக் கட்சி இல்லைங்க. என் புருஷன்தான். நீங்க ஃபோன் பண்ணினது அவருக்கு. அவர் மே மாசம் செத்துட்டார். அவர் எப்படித் திருப்புவாரோ அப்படித் திருப்பினேன். இந்தக் கேள்விக்கு மட்டும் தெரியல."

பின்வரிசையில் யாரோ காகிதக் கோப்பையைக் கீழே வைத்தார்கள்.

டானிகா உதட்டைக் கடித்தாள். "அடடா. ரொம்ப வருத்தமா இருக்குங்க. நிஜமா." பிறகு மெல்ல, "ஆனா, அப்படின்னா உங்களோடதை நான் எடுத்துடணும். எல்லாத்தையும். முழு விவாதத்துக்கும்" என்றாள்.

"எடுத்துடுங்க."

டானிகா கணினியில் குனிந்து ஏதோ தட்டினாள். திரையில் கோடுகள் மறைந்து மறுபடி வந்தன. ஆறுதலாகச் சொல்கிறோம் என்று நினைத்துத்தான் அவள் சொன்னாள்:

"நீங்க கவலையே படாதீங்க. ஒருத்தர்தானே. பாருங்க, கோடு அப்படியே இருக்கு. ஒண்ணும் மாறல."

நோரீன் பார்த்தாள். சிவப்புக் கோடு அப்படியேதான் இருந்தது.

"ஆமா. மாறல" என்றாள்.

ஹார்லன் தொண்டையைச் செருமினார். "அந்தக் குறுக்க பேசின எடத்தைப் போடு."

"சார், அடுத்த கேள்விக்குப் போகணும்..."

"போடும்மா."

போட்டாள். கவர்னர் கத்தினார், கோடு செங்குத்தாக ஏறியது. ஹார்லன் எழுந்துபோய்த் திரையருகே நின்று விரலால் தொட்டுக் காட்டினார். "இங்க நம்ம கட்சிக்காரன் ஒருத்தன் எறக்கினான், இந்தம்மா கையால. நான் பக்கத்துல உக்காந்து பார்த்தேன். முட்டாள்தனம்னு நெனைச்சேன். இப்பவும் அப்படித்தான் நெனைக்கிறேன்." யாரையும் பார்க்காமல் திரும்பிவந்து உட்கார்ந்தார். நாற்காலி முனகியது.

நோரீன் கருவியை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். தாழ்வாரத்தில் தரைவிரிப்பின் பூக்கள் கண்ணைக் குத்தின. லிப்டுக்குக் காத்திருந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் ஓடிவந்தது.

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?" என்றாள் யெசேனியா. மூச்சு வாங்கியது. "நான் என்னென்னமோ நெனைச்சேன். புருஷன் போனதும் கட்சியை மாத்திட்டா பாருன்னு உள்ளுக்குள்ள திட்டிட்டு உட்கார்ந்திருந்தேன்."

"திட்டினா திட்டிட்டுப் போ."

"போடி." அவள் நோரீனின் கையைப் பிடித்தாள். அது ஜில்லென்று இருந்திருக்க வேண்டும். இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். "ரஸ் கிட்ட நீ அதைக் கேக்கவே இல்லையா? அவ்வளவு நாள் கட்டில்ல கிடந்தாரே."

"இல்ல."

"சண்டை வரும்னா?"

நோரீன் லிப்டின் மேலே ஒளிரும் எண்களைப் பார்த்தாள். அவை இறங்கி வந்துகொண்டிருந்தன.

"இருபத்தாறு வருஷமா அவர் ஒரு விஷயத்துலயாவது என் பக்கம் வரணும்னு மல்லுக்கு நின்னேன்" என்றாள். "அந்த ஒண்ணுல வந்துடுவாரோன்னு பயம். வந்தா, அந்த மருந்தைக் கேட்டா, நான் என்ன பண்ணியிருப்பேன்? அதான் கேக்கல. டிவியை அணைச்சுட்டு சூப்பு சூடு பண்ணப் போயிட்டேன்."

யெசேனியா பிடித்த கையை விடவில்லை.

கதவு திறந்தது. உள்ளே வேறு தளத்திலிருந்து வந்த இரண்டு பேர், அப்பனும் மகனும் போல, விவாதத்தில் யார் ஜெயித்தது என்று கத்திக்கொண்டிருந்தார்கள். இவர்களைக் கண்டதும் ஆளுக்கொரு பக்கம் நகர்ந்து நடுவில் இடம் விட்டார்கள்.

"நீங்க சொல்லுங்க மேடம்" என்றான் இளையவன். "நீங்களும் பார்த்திருப்பீங்கல்ல. யாரு ஜெயிச்சா?"

"நான் சரியா பார்க்கலைப்பா" என்றாள் நோரீன். வண்டி நிறுத்தும் தளத்துக்கான பொத்தானை அழுத்தினாள்.